புது அரசு வழக்கறிஞர் பழைய ஒப்பந்தத்தை மீறலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவருடைய கணவர் மருத்துவ பில்லிங் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். நடக்காத சிகிச்சைகளுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் பணம் கேட்டதாக ஃபெடரல் நீதிமன்றத்தில் அவர் மீது மூன்று வயர் ஃபிராடு (தொலைத்தொடர்பு வழியாகச் செய்யும் மோசடி) குற்றச்சாட்டுகள். ஆரம்பத்தில் அரசு வழக்கறிஞர், சிறிய குற்றமாகக் குறைத்து ப்ரொபேஷனோடு (சிறைக்குப் பதில் கண்காணிப்பில் வெளியே இருப்பது) முடித்துக்கொள்ளலாம் என்று மின்னஞ்சல் அனுப்பினார். சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார். பிறகுதான் இப்போதைய ஒப்பந்தம் கையெழுத்தானது. கணவர் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும், மற்ற இரண்டும் தள்ளுபடியாகும். இழப்பு 1,20,000 டாலர், ஃபெடரல் தண்டனை வழிகாட்டிக் கணக்கில் குற்ற லெவல் 11 (எண் கூடினால் தண்டனையும் கூடும்). இதற்கு மேல் கூட்டவோ குறைக்கவோ இரு தரப்பும் வாதாடக் கூடாது.

கணவர் நீதிபதி முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதன்பின் ப்ரொபேஷன் அதிகாரியின் அறிக்கை வந்தது. அதில் இழப்பு 1,70,000 டாலர், லெவல் 16. இடையில் வழக்கு வேறோர் அரசு வழக்கறிஞர் கைக்கு மாறிவிட்டது. அவர் தாக்கல் செய்த தண்டனை மனுவின் முதல் பக்கத்தில் "அரசு ஒப்பந்தத்தில் உறுதியாக நிற்கிறது" என்று இருக்கிறது. அடுத்த நான்கு பக்கங்களில், ப்ரொபேஷன் அதிகாரியின் கணக்கு ஏன் "ஆவணங்களோடு பொருந்துகிறது" என்ற விளக்கம். தண்டனை விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கிறது. "எப்படியும் நீதிபதிதான் முடிவு செய்வார், விட்டுவிடுங்கள்" என்கிறாராம் அவர்கள் வழக்கறிஞர். "கையெழுத்துப் போட்டால் போட்டதுதானே? ஒப்புதலையே திரும்பப் பெற்றுவிடலாமா? முதல் மின்னஞ்சலைக் காட்டி அந்தச் சலுகையைக் கேட்க முடியாதா?" என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

கையெழுத்தான ஒப்பந்தத்தை அரசுத் தரப்பு காப்பாற்றியே ஆக வேண்டும். ஆள் மாறியது ஒரு சாக்கே ஆகாது. ஆனால் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது அரசு வழக்கறிஞர் அலுவலகத்தை மட்டும்தான். நீதிபதியும் ப்ரொபேஷன் அதிகாரியும் அதில் கையெழுத்திடவில்லை. உங்கள் கடிதத்தில் இந்த மூவரும் "அரசாங்கம்" என்ற ஒரே சொல்லுக்குள் கலந்து கிடக்கிறார்கள். யார் எதற்குக் கட்டுப்பட்டவர் என்று முதலில் பிரித்துக்கொள்வோம். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

ப்ரொபேஷன் அதிகாரி நீதிமன்றத்தின் ஆள். சொந்தமாக விசாரித்து, சொந்தமாகக் கணக்குப் போட்டு நீதிபதிக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. அவர் 16 என்று எழுதியது உங்களுக்கு எவ்வளவு பாதகமாக இருந்தாலும் வாக்கு மீறல் ஆகாது. அதற்கு வழி, அறிக்கைக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுப்பது. அறிக்கை கைக்கு வந்த 14 நாட்களுக்குள் அது போயிருக்க வேண்டும். போயிற்றா என்று இன்றே உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். போகவில்லை என்றால் கால அவகாசம் கேட்டு மனுப் போட வேண்டும்.

நீதிபதியைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் எந்த வகை என்பதுதான் கேள்வி. ஃபெடரல் குற்ற நடைமுறை விதி 11(சி)(1) மூன்று வகை சொல்கிறது. ஏ வகையில் அரசு சில குற்றச்சாட்டுகளைக் கைவிடும். பி வகையில் தண்டனை பற்றி ஒரு பரிந்துரை செய்யும். அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. சி வகையில் ஒரு குறிப்பிட்ட தண்டனையோ வரம்போ பேசி முடிவாகிறது; நீதிபதி ஒப்பந்தத்தை ஏற்றுவிட்டால் அந்தத் தண்டனையைத்தான் கொடுக்க முடியும். ஏ, சி வகைகளை நீதிபதி ஏற்க மறுத்தால் ஒப்புதலைத் திரும்பப் பெற வாய்ப்புத் தர வேண்டும். பி வகையில் பரிந்துரையை நீதிபதி கேட்காவிட்டால் அந்த உரிமை கிடையாது. இதை ஒப்புதல் விசாரணையிலேயே நீதிபதி உங்கள் கணவரிடம் சொல்லியிருப்பார், அவரும் "புரிகிறது" என்று பதில் சொல்லியிருப்பார்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இரண்டு குற்றச்சாட்டுகளைக் கைவிடுவது ஏ வகை. லெவல் 11 என்பது இரு தரப்பும் சேர்ந்து ஒத்துக்கொண்ட கணக்கு. அது நீதிபதியைக் கட்டாது. ஒப்பந்தத்தில் "11(சி)(1)(சி)" என்று எங்காவது இருந்தால் மட்டும் கதை வேறு. உங்கள் உறவினர் வழக்கில் "பேசியதை விட ஒரு நாள்கூட அதிகம் கொடுக்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அது நியூ ஜெர்சி மாநில நீதிமன்றமாக இருந்திருக்கும். அங்கே பேசிய தண்டனையைத் தாண்டிப் போக நீதிபதி நினைத்தால் ஒப்புதலைத் திரும்பப் பெற விடுவார்கள். ஃபெடரல் நீதிமன்றத்தில் அந்த வழக்கம் இல்லை. வாட்ஸாப் குழுவில் வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் போட்டுக் குழப்புபவை.

11க்கும் 16க்கும் நடுவே என்ன இருக்கிறது

வெறும் ஐந்து எண் என்று நினைத்துவிட வேண்டாம். வயர் ஃபிராடுக்கு அடிப்படை லெவல் 7. இழப்பு 1,20,000 என்றால் 8 கூடி 15. குற்றத்தை ஏற்றதற்கு 2 கழிந்தால் 13. முன் குற்றம் எதுவும் இல்லாதவர் என்பதற்கு இன்னொரு 2 போக 11. அதற்கு வழிகாட்டி வரம்பு 8 முதல் 14 மாதம். அட்டவணையில் அது 'பி' மண்டலத்துக்குள் வருவதால் சிறைக்குப் பதில் வீட்டுக்காவலோடு ப்ரொபேஷன் கொடுக்கவும் வழிகாட்டி இடம் தருகிறது.

அறிக்கை போடும் கணக்கு வேறு. 1,70,000க்கு 10 கூடுகிறது. உங்கள் கணவர் தனக்குக் கீழே ஓர் ஊழியரை வைத்து வேலை வாங்கினார் என்று மேற்பார்வையாளர் பங்குக்கு 2. மொத்தம் 19. குற்றத்தை ஏற்றதற்கு இந்த உயரத்தில் 3 கழிகிறது, 16 வருகிறது. ஆனால் மேற்பார்வைப் பங்கு சேர்ந்த உடனே முன் குற்றமற்றவர் சலுகை பறிபோகிறது. அதனால் 16லேயே நிற்கிறது. 21 முதல் 27 மாதம். வரம்பு முழுவதும் சிறைதான். ஆகவே அறிக்கையோடு மோதும்போது இழப்புத் தொகையை விட அந்த மேற்பார்வைப் பங்கு என்ற வரியில்தான் உங்கள் வழக்கறிஞர் அதிக நேரம் செலவிட வேண்டும். அது விழுந்தால் கூட்டிய 2 போகிறது, இழந்த 2 திரும்புகிறது. இழப்பு அப்படியே நின்றாலும் லெவல் 12க்கு வந்துவிடும்: 10 முதல் 16 மாதம்.

2005லிருந்து இந்த வழிகாட்டிகள் நீதிபதிக்கு ஆலோசனை மட்டுமே, கட்டாயம் இல்லை. இருந்தாலும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புதியவர் எழுதியது வாக்கு மீறலா?

இந்தக் கேள்விக்கு அடிப்படை 1971ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாண்டோபெல்லோ வழக்கில் சொன்ன தீர்ப்பு. நியூயார்க்கில் சூதாட்ட வழக்கு. தண்டனை பற்றி எதுவும் பரிந்துரைக்க மாட்டோம் என்று ஓர் அரசு வழக்கறிஞர் வாக்குக் கொடுத்திருந்தார். மாதங்கள் கழித்து விசாரணைக்கு வேறொருவர் வந்து, அந்த வாக்கே தெரியாமல், அதிகபட்சமான ஓராண்டு கேட்டார். "அவர் சொன்னது என்னைப் பாதிக்கவில்லை" என்று சொல்லித்தான் நீதிபதி ஓராண்டு கொடுத்தார். உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. தெரியாமல் செய்தாலும் மீறல் மீறல்தான். ஓர் அலுவலகத்தில் இடது கை கொடுத்த வாக்கு வலது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீதிபதி மனம் மாறினாரா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை. உங்கள் வழக்கறிஞர் "எப்படியும் நீதிபதிதான் முடிவு செய்வார்" என்கிறாரே, அதற்கு இந்தத் தீர்ப்பே பதில்.

ஆனால் உங்களுக்கு வந்த மனுவில் புதியவர் நேரடியாக 16 கேட்கவில்லை. முதல் பக்கத்தில் 11 என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, மற்ற பக்கங்களில் 16க்கு வாதாடியிருக்கிறார். உங்கள் கணவருடைய வழக்கு எந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருகிறதோ, அந்த மூன்றாம் சுற்று நீதிமன்றம் இத்தகைய ஒப்பந்தங்களை அரசுக்கு எதிராகக் கறாராகவே படிக்கிறது. சந்தேகம் வந்தால் அதன் பலன் கையெழுத்திட்ட குற்றவாளிக்கு. மோஸ்கலைடிஸ் என்ற 1989 வழக்கு உங்களுடையதற்கு நெருக்கமானது. சிறை வேண்டுமா வேண்டாமா என்பதில் நிலைப்பாடு எடுக்க மாட்டோம் என்று சொன்ன அரசு, தண்டனை மனுவில் குற்றவாளியின் பேராசையைக் கடுமையான சொற்களில் வர்ணித்தது. "சிறை" என்ற கோரிக்கை அதில் இல்லாவிட்டாலும் அது மீறல் என்றது நீதிமன்றம்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். அரசு உற்சாகத்தோடு உங்களுக்காகப் பேச வேண்டிய கடமை இல்லை. அப்படி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு என்று 1985ல் பெஞ்சிமால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிபதி நேரடியாகக் கேட்கும் உண்மை விவரத்துக்கு அரசு வழக்கறிஞர் பொய் சொல்லவும் முடியாது. பதில் சொல்வதற்கும் வாதாடுவதற்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் வழக்குகள் நடக்கின்றன. கேட்காமலே நான்கு பக்கம் எழுதியது எந்தப் பக்கம் சேரும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

ஆனால் நீங்கள் கவனிக்காத ஓர் ஓட்டை ஒப்பந்தத்தில் இருக்கலாம். நியூ ஜெர்சி ஃபெடரல் ஒப்பந்தங்கள் உங்கள் வழக்கறிஞருக்கு எழுதிய கடிதம் போல இருக்கும். ஒத்துக்கொண்ட கணக்குகள் கடைசியில் தனி இணைப்பாக வரும். கடிதத்தில் அந்த இணைப்பைப் பற்றிச் சொல்லும் பத்தியில், ஒத்துக்கொண்ட விவரத்துக்கு முரணான நம்பகமான புதுச் சான்று பின்னால் கிடைத்தால் அந்த விவரம் அரசைக் கட்டுப்படுத்தாது என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருவது வழக்கம். புதியவர் பிடித்துக்கொள்ளப் போவது அதைத்தான். கூடுதல் 50,000 டாலருக்கு அவர் காட்டும் பில்களை எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் அரசு கொடுத்த வரிசை எண் இருக்கும். அந்த எண்கள் உங்கள் வழக்கறிஞருக்கு எந்தத் தேதியில் வந்த கட்டில் இருக்கின்றன என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் வந்த கட்டு என்றால், அவை அரசிடம் ஏற்கெனவே இருந்தவை. புதுச் சான்று என்று சொல்ல முடியாது. அந்தத் தேதிப் பட்டியல் ஒரே ஒரு பக்கம்தான் வரும். அதை மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள்.

முதல் மின்னஞ்சலைப் பற்றி

அதை மறந்துவிடுங்கள். ஒப்புதல் நீதிபதி முன் பதிவாவதற்கு முன்பு அரசு தன் சலுகையைத் திரும்பப் பெறலாம். அதனால் அரசியல் சட்ட உரிமை எதுவும் மீறப்படுவதில்லை என்று 1984ல் மேப்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அந்த வழக்கில் குற்றவாளி முதல் சலுகையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அரசு பின்வாங்கியது. அப்படியும் அவருக்குப் பலன் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: சலுகை வந்ததையே உங்கள் வழக்கறிஞர் கணவரிடம் சொல்லாமல் காலம் கடத்தியிருந்தால் அது வழக்கறிஞரின் குறைபாடு. நீங்கள் எழுதியபடி அவர் உடனே சொல்லியிருக்கிறார்.

இந்த மூன்று வாரத்தில்

முதலில் உங்கள் வழக்கறிஞர் புதிய அரசு வழக்கறிஞருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் ஒரே கடிதம் எழுத வேண்டும்: ஒப்பந்தத்தின் இன்ன பத்தி, மனுவின் இன்ன பக்கம், இது மீறல், இந்தத் தேதிக்குள் திருத்திய மனு தாக்கல் செய்யுங்கள். கோபமே வேண்டாம், பக்க எண்கள் போதும். பல மீறல்கள் இந்தக் கட்டத்திலேயே சரியாகிவிடுகின்றன. மேல்முறையீட்டில் தோற்கக்கூடிய தண்டனையை எந்த அலுவலகமும் விரும்பாது.

பதில் வராவிட்டாலோ, "நாங்கள் ஒப்பந்தத்தில்தான் நிற்கிறோம்" என்று ஒரு வரி மட்டும் வந்தாலோ, விசாரணைக்கு முன்பே நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கேட்க வேண்டியது ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லும் உத்தரவு. கூடவே, அரசின் தண்டனை மனுவைப் படிக்காத வேறு நீதிபதி முன் தண்டனை விசாரணை. மீறல் நடந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் பக்கம். என்ன பரிகாரம் என்பது நீதிபதியின் முடிவு; நீங்கள் கேட்டது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

"விட்டுவிடலாம்" என்ற யோசனையின் ஆபத்து இங்கேதான். 2009ல் பக்கெட் வழக்கு இதே மாதிரி: அரசு மீறியது, அது ஒப்பந்த மீறல் என்று வழக்கறிஞர் விசாரணையில் சொல்லவில்லை. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், அங்கேயே ஆட்சேபிக்காததால் தவறு வெளிப்படையானது என்பதையும் அதனால் முடிவே மாறியிருக்கும் என்பதையும் குற்றவாளிதான் காட்ட வேண்டும் என்றது. சாண்டோபெல்லோ கொடுத்த பலம் மௌனத்தால் போய்விடுகிறது. மனுவில் எழுதியிருந்தாலும் தண்டனை விசாரணையில் வாயால் ஒருமுறை சொல்லிப் பதிவு செய்வது நல்லது.

இந்த இடைக்காலத்தில் உங்கள் கணவரும் தன் பக்கத்தை மீறாமல் இருக்க வேண்டும். பக்கெட்டின் கதை அப்படித்தான் ஆரம்பித்தது: தண்டனைக்குக் காத்திருந்தபோதே இன்னொரு மோசடியில் கை வைத்தார். ப்ரொபேஷன் அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளில் போகாமல் இருப்பது, பழைய முதலாளியோடு பேசுவது, வங்கி விவரத்தை மறைப்பது எல்லாமே அரசுக்கு வெளியேறும் கதவு. இழப்புத் தொகைக்கு ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் "நான் எதுவும் செய்யவில்லை" என்ற தொனி அதில் வந்துவிட்டால் குற்றத்தை ஏற்றதற்கான கழிவே போய்விடும்.

ஒப்புதலைத் திரும்பப் பெறலாமா?

நீதிபதி ஒப்புதலை ஏற்ற பிறகு, தண்டனைக்கு முன் திரும்பப் பெற நியாயமான காரணம் காட்ட வேண்டும். "தவறு நடந்தது உண்மைதான்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குற்றமற்றவர் என்று வாதிட முடியாதவருக்கு அந்த வழியில் கதவு திறப்பது அரிது. அரசு மீறியதால் திரும்பப் பெறுகிறேன் என்பது தனி வழி, அது வலுவானது. ஆனால் அதில் வென்றால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். கைவிட்ட இரண்டு குற்றச்சாட்டுகளும் உயிர் பெறும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 20 ஆண்டு. லெவல் 11 என்ற வாக்கும் போய்விடும். உங்களுக்கு வேண்டியது ஒப்பந்தம் நிறைவேறுவது, அதையே கேளுங்கள். தண்டனை அறிவித்த பிறகு திரும்பப் பெற விதி 11 இடமே தரவில்லை.

கிரீன் கார்டு

"கிரீன் கார்டுக்குப் பிரச்சினை வராது என்று பழைய அரசு வழக்கறிஞர் வாய்வார்த்தையாகச் சொன்னார்" என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த வரி. ஒப்பந்தத்தில் எழுதாத வாக்குக்கு மதிப்பில்லை, "வேறு யாரும் எதுவும் வாக்குத் தரவில்லையே?" என்று நீதிபதி கேட்டதற்கு உங்கள் கணவர் சத்தியப்பிரமாணத்தில் "இல்லை" என்று சொல்லியிருப்பார். எழுதியிருந்தால்கூட, குடிவரவுத் துறை முன்கூட்டி எழுத்தில் சம்மதிக்காத வரை அந்தத் துறையை அது கட்டுப்படுத்தாது.

மோசடிக் குற்றத்தில் இழப்பு 10,000 டாலரைத் தாண்டினால் குடிவரவுச் சட்டத்தில் அது நாடு கடத்தத்தக்க கடுங்குற்ற வகை. அந்தத் தொகையைக் குடிவரவு நீதிபதி உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள 1,20,000 என்ற எண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தண்டனை 8 மாதமா 27 மாதமா என்பதால் இது மாறாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் நாடு கடத்தலிலிருந்து விலக்குக் கேட்கும் முக்கிய வழியும் இதனால் அடைபட்டுப் போகிறது. ஒப்பந்தத்துக்கு முன் உங்கள் வழக்கறிஞர் இதை விளக்கினாரா? 2010ல் பாடில்லா தீர்ப்பின்படி விளக்க வேண்டியது அவர் கடமை. விளக்கவில்லை, அல்லது தவறாகச் சொன்னார் என்றால், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது பற்றி மேலே சொன்ன கணக்கு மாறலாம். இதை அதே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. குற்ற வழக்குகளைப் பார்க்கும் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைத் தண்டனை விசாரணைக்கு முன்பே தனியாகப் பாருங்கள். ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் ஒப்புதல் விசாரணையின் எழுத்துப் படியையும் எடுத்துப் போங்கள். படி கையில் இல்லை என்றால் விசாரணையைப் பதிவு செய்த நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரிடம் பணம் கட்டி வாங்கலாம். அதற்குச் சில நாட்கள் ஆகும், இந்த வாரமே கேளுங்கள்.

தண்டனை பாதகமாகப் போனால், தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கலாக வேண்டும். மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கும். ஆனால் அரசே மீறியது என்ற வாதத்தை அது பொதுவாகத் தடுப்பதில்லை. "அந்தப் பத்தி இருக்கிறது, அதனால் போட மாட்டேன்" என்று வழக்கறிஞர் சொல்லக் கூடாது. குற்றவாளி கேட்டால் அறிவிப்பைப் போட்டாக வேண்டும் என்று 2019ல் கார்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டதற்குச் சான்று வேண்டும் என்பதால், தீர்ப்பு நாளன்றே உங்கள் கணவர் தன் கைப்பட அல்லது மின்னஞ்சலில், மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்யுங்கள் என்று ஒரே வரியில் வழக்கறிஞருக்கு எழுதி, தேதியோடு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.